மாட்டுக் குளம்பு இலை, செங்கல் நிறப் பூ: இது எந்த மந்தாரை?

நகரி மேட்டுத்தெரு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு நகரிக்கு அருகில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. வீட்டுக்குள் தமிழும் சந்தையில் தெலுங்குமாக வாழ்கிறவர்கள் நாங்கள். அதனால் நேர்ந்த குழப்பத்தைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வேலியோரம் வைப்பதற்காக ஒரு நர்சரியில் "எர்ர மந்தாரம்", அதாவது சிவப்பு மந்தாரம், கன்று கேட்டேன். நான் நினைத்தது மந்தாரை. அவர்கள் கட்டிக் கொடுத்தது செம்பருத்தி. தெலுங்கில் மந்தாரம் என்றால் செம்பருத்திதான் என்பது எனக்குத் தெரியாததன்று. வாயில் தெலுங்கும் மனத்தில் தமிழுமாக நின்றுவிட்டேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் வேறொரு கடையில், பெயரே சொல்லாமல், மாட்டுக் குளம்பு போலப் பிளந்த இலை உள்ள செடி ஒன்றைக் கைகாட்டி வாங்கி வந்தேன். சிவப்பாகப் பூக்கும் என்றார்கள்.

மூன்று ஆண்டுகள் ஒரு மொட்டுகூட இல்லை. செடி மரமாகவும் நிமிரவில்லை, கொடியாகவும் சுற்றவில்லை. ஆளுயரம் போனதும் கிளைகள் வில்லாக வளைந்து, வேலிமேல் சாய்ந்து, பக்கத்து வீட்டுத் துணிக்கொடிவரை நீண்டுவிட்டன. வெட்டிவிடலாம் என்று நினைத்திருந்த வேளையில் இந்த ஆவணியில் கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஊதா இல்லை, இளஞ்சிவப்பும் இல்லை. சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல்லின் நிறம். இது எந்த மந்தாரை? இதை அடக்கி வளர்க்க வழி உண்டா? விதை எடுத்து இன்னும் இரண்டு கன்றுகள் உண்டாக்க முடியுமா?

மாடித்தோட்டம்

இது செம்மந்தாரையாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் தெருவிலும் ஒன்று நிற்கிறது, பூ நன்றாகச் சிவந்தே இருக்கும். இன்னும் சில ஆண்டுகளில் மரமாகிவிடும். வேலியோரத்திலிருந்து இப்போதே எடுத்துவிடுவது நல்லது.

திருத்தணி ஆசிரியை

செடியை எடுப்பதற்கு முன் பூவை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடலாம். பள்ளியில் பல ஆண்டுகள் தாவரவியல் சொல்லிக் கொடுத்த பழக்கத்தில் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மந்தாரை வகைகள் அனைத்தும் பாஹினியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அவரை, துவரை, புளி, கொன்றை ஆகியவற்றை உள்ளடக்கிய பெருங்குடும்பமே இவற்றின் குடும்பமும் ஆகும். ஆனால் அவரைப் பூவில் உள்ள கொடி, சிறகு, படகு என்ற இதழ் அமைப்பை இவற்றில் தேடக் கூடாது. ஐந்து இதழ்களும் தனித்தனியே விரிந்திருக்கும். நிறத்தை நம்பி இனம் சொல்வதில் ஓர் இடர் உண்டு. ஒருவர் சிவப்பு என்பதை இன்னொருவர் ஊதா என்பார். வெயிலில் வாடிய பூ விடியலில் கண்ட நிறத்தில் இருப்பதில்லை. எனவே மாணவர்களிடம் நான் எப்போதும் மகரந்தத்தாள்களை எண்ணச் சொல்வேன். மகரந்தப்பை உள்ள நீண்ட தாள்களை மட்டும் எண்ண வேண்டும். பையில்லாமல் குட்டையாக நிற்பவை மலட்டுத்தாள்கள்.

வெள்ளை மந்தாரையில் வளமான தாள்கள் பத்து. மஞ்சள் பூவின் நடுவே கருஞ்சிவப்புப் பொட்டு வைத்தாற்போல் இருக்கும் திருவாத்தியிலும் பத்து. சோழர் சூடிய ஆத்தியிலும் பத்தே. இலையுதிர்ந்த மரத்தில் மாசி, பங்குனியில் பூக்கும் வேரிகேட்டா இனத்தில் பெரும்பாலும் ஐந்து. ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும் செம்மந்தாரையில், அதாவது பர்பியூரியாவில், பொதுவாக மூன்று. மோனாண்ட்ரா என்ற இனத்தில் ஒன்றே ஒன்று. அதன் பெயரே அதைத்தான் சொல்கிறது. உங்கள் செடியில் எத்தனை? குறைந்தது ஐந்து பூக்களையாவது எண்ணுங்கள். அதோடு இலையின் நீளத்தையும் பிளவின் ஆழத்தையும், கிளையில் பற்றுக்கம்பி உண்டா இல்லையா என்பதையும் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசி

பெயர்க் குழப்பம் உங்கள் எல்லையில் மட்டும் இல்லை, ஐயா. பாலக்காட்டின் இந்தக் கிழக்கு மூலையில் நாங்களும் தமிழ் பேசுகிறவர்கள்தாம். இங்கே மலையாளத்தில் மந்தாரம் என்று கேட்டால் வெள்ளை மந்தாரையைத்தான் முதலில் காட்டுவார்கள். சிவப்பில் மந்தாரம் வேண்டும் என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஒரே சொல் ஒரு மாநிலத்தில் வெள்ளை, இன்னொரு மாநிலத்தில் செம்பருத்தி!

சிவப்பாகவும் படர்வதாகவும் இருப்பதால் எனக்கு வேறோர் ஐயம் எழுகிறது. காக்கியானா என்ற பெயரில் செம்மஞ்சள் பூக்கொத்து விடும் கொடி ஒன்றை எங்கள் பக்கத்து நர்சரிகளில் வாயில் வளைவுகளுக்கென்று விற்கிறார்கள். அதுவும் மந்தாரைக்கு உறவு என்றே சொல்லி விற்றார்கள். இது அதுவாக இருக்குமா?

திருத்தணி ஆசிரியை

உறவுதான், ஆனால் அந்தக் கொடியின் இலை பிளவுபடாது; முழு இலையாக, அடியிலிருந்து நுனிக்கு ஓடும் மூன்று நரம்புகளோடு இருக்கும். கேட்டவர் மாட்டுக் குளம்பு என்று எழுதியதால் அதை முதலிலேயே விலக்கிவிடலாம்.

நகரி மேட்டுத்தெரு

அம்மா சொன்னபடி இன்று காலை ஏழு பூக்களை எண்ணினேன். ஏழிலும் நீண்ட தாள்கள் மூன்று. அவற்றின் அடியில் நூல்போலச் சில குட்டைத் தாள்கள் இருந்தன. பற்றுக்கம்பி எங்குமே இல்லை. இலைகள் சிறியவை, பெரிய இலைகூட என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. பிளவு ஆழமில்லை, நுனியை விரலால் கிள்ளி எடுத்ததுபோல் இருக்கிறது. இன்னொன்றையும் கவனித்தேன்: ஒவ்வோர் இதழும் அடியில் மெல்லிய காம்பாக ஒடுங்கி, மேலே வட்டமாக, ஓரம் சுருங்கி விரிகிறது. பாயசக் கரண்டி ஐந்தை வட்டமாக அடுக்கினாற்போல் இருக்கிறது என்றாள் என் மகள்.

மூன்று என்பதால் செம்மந்தாரை என்று முடிவு செய்யலாமா?

மாடித்தோட்டம்

நான் முதலில் சொன்னதும் அதுதானே.

திருத்தணி ஆசிரியை

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். மூன்று என்ற எண்ணிக்கை உள்ள இனங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. செம்மந்தாரையின் இலை ஒரு கையை விரித்து வைத்தாற்போல் பெரியது, பிளவும் அதன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை இறங்கும். இதழ்கள் நீளமாகவும் குறுகலாகவும் ஒன்றையொன்று தொடாமலும் இருக்கும். நிறம் எவ்வளவு அடர்ந்தாலும் அதில் ஊதாச் சாயல் நிற்கும். கரண்டி போன்ற இதழ், செங்கல் நிறம், சிறிய இலை, பற்றுக்கம்பி இல்லாமல் சாய்ந்து படரும் பழக்கம் ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால் அது பாஹினியா கால்பினி. உங்கள் மகளின் பாயசக் கரண்டிதான் இங்கே முடிவைச் சொன்னது.

இது ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதிச் செடி. தென்னாப்பிரிக்கா, எஸ்வாட்டினி, மொசாம்பிக், ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் இயற்கையாக வளர்கிறது. தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் நகரில் வங்கியில் பணியாற்றிக்கொண்டே செடிகளைச் சேகரித்த எர்னஸ்ட் கால்பின் என்பவரின் பெயரை இதற்குச் சூட்டி 1891-இல் என். ஈ. பிரௌன் விவரித்தார். பார்பர்டனை ஒட்டிய டி காப் பள்ளத்தாக்கின் பெருமை என்பது அங்கே இதற்கு வழங்கும் பெயர். பேரினப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. யோஹான், காஸ்பர் என்ற பௌஹின் சகோதரர்கள் இருவரும் தாவர அறிஞர்கள். அடியில் ஒட்டி நுனியில் பிரியும் இரு மடல் இலைக்கு அந்தச் சகோதரர்களின் பெயர் பொருத்தம் என்று பெயர் சூட்டியவர்கள் கருதினார்கள். அண்ணன் தம்பி ஒட்டியிருப்பதற்கு இலையைச் சாட்சி வைத்த அந்தக் கற்பனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மாடித்தோட்டம் நண்பருக்கு ஒரு கேள்வி: உங்கள் தெருவில் நிற்கும் மரம் காய்க்கிறதா?

மாடித்தோட்டம்

எனக்குத் தெரிந்து காய்த்ததே இல்லை. பூ மட்டும் மாதக்கணக்கில் இருக்கும். நீங்கள் கேட்ட பிறகு கீழே விழுந்த பூக்களைப் பொறுக்கி எண்ணினேன். ஐந்து தாள்கள் இருக்கின்றன. ஆகவே அது செம்மந்தாரையும் இல்லை என்று தெரிகிறது. என் முதல் பதிவை அழித்துவிடட்டுமா?

திருத்தணி ஆசிரியை

வேண்டாம், இருக்கட்டும், அதனால்தான் இந்த விவாதம் இவ்வளவு தூரம் வந்தது. உங்கள் மரம் பெரும்பாலும் பிளேக்கியானாவாக இருக்கும். ஹாங்காங்கில் கண்டெடுக்கப்பட்ட கலப்பினம் அது. அந்த ஊர் ஏற்றிப் பறக்கவிடும் கொடியில் இருக்கும் பூவும் அதுவே. விதை பிடிக்காது என்பதால் ஒட்டுக் கட்டியும் பதியம் போட்டும்தான் பெருக்குகிறார்கள்.

குப்பம் நிலக்கடலை

அடையாளம் காண்பதில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. வளர்ப்பில் சொல்ல இருக்கிறது. மூன்று மாநிலங்களும் கைகுலுக்கும் இடத்தில் எங்கள் நிலம், மானாவாரிக் கடலை எங்கள் பிழைப்பு. இந்தச் செடியை எட்டு ஆண்டுகளாக வரப்போரம் வைத்திருக்கிறேன். அப்போது பெயர் தெரியாமல் "ஆப்பிரிக்கா செடி" என்றே அழைத்தோம்.

செம்மண்ணும் நல்ல வெயிலும் இதற்குப் போதும். நீர் தேங்கும் இடத்தில் வைத்த ஒரு கன்று அழுகிப்போனது; மேட்டில் வைத்தது நிற்கிறது. முதல் கோடையில் வாரம் இருமுறை தண்ணீர் விட்டேன். அதன் பிறகு மழையைத் தவிர வேறு நீர் அது கண்டதில்லை. தரைக்கிணறு வறண்ட ஆண்டிலும் இலை சுருண்டதே தவிரச் செடி சாகவில்லை.

உங்கள் செடி மூன்று ஆண்டுகள் பூக்காததற்குக் காரணம் என்ன போட்டீர்கள் என்பதில் இருக்கலாம். என்ன உரம் வைத்தீர்கள்?

நகரி மேட்டுத்தெரு

மாதம் ஒருமுறை கொஞ்சம் யூரியா. பூக்கவில்லையே என்று இரண்டாம் ஆண்டில் அளவைக் கூட்டினேன். வேலியின் கிழக்குப் பக்கத்தில் புங்க மரம் ஒன்று இருந்தது. சென்ற ஆண்டு காற்றில் அதன் பெரிய கிளை முறிந்துவிட்டது.

குப்பம் நிலக்கடலை

இரண்டு காரணங்களையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் கூடும். நிழலில் நின்ற செடி வெளிச்சம் தேடி நீளும். பக்கத்து வீட்டுத் துணிக்கொடிவரை அது போனதும் அதனால்தான். கிளை முறிந்து வெயில் விழுந்தது, பூத்தது. யூரியாவை அடியோடு நிறுத்திவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை ஆடியில் மக்கிய தொழு உரம் இரண்டு கூடை வையுங்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசி

அந்த இரண்டு கூடைகூட எதற்கு என்று தோன்றுகிறது. அவரைக் குடும்பத்துச் செடி தனக்கு வேண்டிய தழைச்சத்தை வேர் முடிச்சில் தானே செய்துகொள்ளும் என்றுதானே படித்திருக்கிறோம்?

குப்பம் நிலக்கடலை

நானும் அப்படி எண்ணித்தான் முதல் இரண்டு ஆண்டுகள் ஒன்றும் வைக்கவில்லை. கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் முடிச்சுகள் மணிமணியாக இருக்கும். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். இந்தச் செடியின் தானாக முளைத்த கன்றுகள் நான்கைந்தைப் பிடுங்கி, மண்ணை அலசிப் பார்த்திருக்கிறேன். ஒன்றிலும் முடிச்சு இல்லை. என் மண்ணில் குறையா, செடியின் குணமா என்று தெரியாமல் இருந்தேன். ஆசிரியை அம்மாதான் சொல்ல வேண்டும்.

திருத்தணி ஆசிரியை

மண்ணில் குறை இல்லை, ஐயா. நீங்கள் கண்டது முற்றிலும் சரி. பாடம் நடத்தியபோது நானே "அவரைக் குடும்பம் என்றால் வேர் முடிச்சு" என்று பொதுப்படையாகச் சொல்லிக் கொடுத்தவள்தான். குடும்பம் முழுவதற்கும் அந்தத் திறன் இல்லை. 2017-இல் உலகத் தாவரவியலாளர்கள் பலர் சேர்ந்து இக்குடும்பத்தை ஆறு துணைக்குடும்பங்களாகப் பிரித்தார்கள். கடலையும் அவரையும் துவரையும் ஒரு துணைக்குடும்பம். அங்கே வேர் முடிச்சு மிகப் பரவலானது. மந்தாரைகள் அவற்றிலிருந்து வெகு முன்பே பிரிந்த செர்சிடாய்டியே என்ற வேறொரு துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பாஹினியாக்களின் வேரில் அந்த முடிச்சு உண்டாவதில்லை. ஆகவே மந்தாரை நட்டால் பக்கத்துப் பயிருக்கும் தழைச்சத்து கிடைக்கும் என்று நம்பி நடுவதற்கு அடிப்படை இல்லை. அழகுக்கு நடலாம், வேலிக்கு நடலாம். மக்கிய உரம் அளவாக வைப்பதே முறை.

கொழிஞ்சாம்பாறை வாசி

இத்தனை நாள் மந்தாரைச் சருகுகளைத் தென்னைக்குப் போட்டுவிட்டு, வேரும் உரம் தருகிறது என்று கணக்கு வைத்திருந்தேன். சருகு வரைக்கும் கணக்கு சரி என்று வைத்துக்கொள்கிறேன்.

அடக்குவது பற்றி யாரும் இன்னும் விளக்கவில்லையே. நான் செம்பருத்தியைச் செய்வதுபோல் மாதாமாதம் நுனி கிள்ளலாமா?

குப்பம் நிலக்கடலை

மாதாமாதம் கிள்ளினால் மொட்டையும் சேர்த்தே கிள்ளுவீர்கள். பூ புதுக் கிளையின் நுனியில் வருகிறது. எங்கள் பக்கம் தை வாக்கில் பூ ஓய்ந்ததும், மாசியில் ஒரே ஒருமுறை கவாத்து செய்கிறேன்: மிகப் பழைய கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுத்துவிட்டு, மீதியை இடுப்பளவு நிறுத்துவேன். கோடை மழையில் தளிர்க்கும் கிளைகள்தான் பிறகு பூக்கும்.

திருத்தணி ஆசிரியை

ஒரே ஒரு மாறுபாடு. நகரி, திருத்தணிப் பக்கத்து வெயில் குப்பத்து மேட்டுநிலத்து வெயிலைவிடக் கடுமையானது. மாசியில் மொட்டையடித்த செடியின் பட்டை சித்திரையில் வெடித்துவிட்டதை என் தோட்டத்தில் கண்டிருக்கிறேன். நான் மாசியில் காய்ந்த கிளைகளையும் பின்னிய கிளைகளையும் மட்டும் எடுத்துவிட்டு, முதல் கோடை மழை விழுந்த பிறகே உயரம் குறைக்கிறேன். பூ இரண்டு வாரம் தாமதமாகலாம். செடிக்கு அடி படாது.

குப்பம் நிலக்கடலை

ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் சித்திரையிலும் இரவு சற்றுக் குளிரும். அதை மறந்து எழுதிவிட்டேன்.

நகரி மேட்டுத்தெரு

கவாத்துக்கு ஆசிரியை அம்மா சொன்ன முறையையே பின்பற்றுவேன். இரண்டு சிறு செய்திகள். இலைகளின் ஓரத்தில் நாணயத்தை வைத்து வெட்டி எடுத்ததுபோல் அரைவட்டங்கள் விழுந்திருக்கின்றன. புழு எதுவும் காணோம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா இலையைப் பார்த்துவிட்டு, "இது மந்தாரம் காது, ஆரே" (தெலுங்கில் காது என்றால் அல்ல) என்று அடித்துச் சொல்கிறார்.

திருத்தணி ஆசிரியை

அரைவட்டம் வெட்டுவது இலைவெட்டித் தேனீ. அது இலையைத் தின்பதில்லை. துண்டுகளைக் கொண்டுபோய்த் துளைகளுக்குள் சுருட்டித் தன் முட்டைக்கு அறை கட்டுகிறது. மருந்து அடிக்க வேண்டாம். செடிக்கு அதனால் கேடில்லை.

பெரியம்மா சொன்னது இன்னும் சுவையானது. தெலுங்கில் ஆரே என்பது நம்முடைய ஆத்தி மரம். சோழர் சூடிய பூவைத் தமிழில் ஆர் என்றும் சொல்வோம். சொல்லின் ஒற்றுமையைப் பாருங்கள். அந்த மரத்தின் இலையும் சிறியது, தடித்தது, குளம்பு வடிவமானது. பீடி சுற்றவும் பயன்படுவது. பூ மட்டும் வெளிர் மஞ்சளாகச் சிறுத்திருக்கும். இலையை மட்டும் கண்டவர் ஆரே என்று சொன்னால் அவர் பாஹினியாவைச் சரியாக அடையாளம் கண்டிருக்கிறார் என்றே நான் மதிப்பெண் போடுவேன்.

நகரி மேட்டுத்தெரு

நான்கு மாதங்களுக்குப் பிறகு வருகிறேன். காய்கள் விரலளவு நீளத்தில், தட்டையாக, நுனி கூராக, மரப்பட்டை போலக் கெட்டியாக வந்தன. மாசி வெயில் ஏறியதும் நண்பகலில் பட்டாசுபோல் ஓசை கேட்டது; போய்ப் பார்த்தால் காயின் இரு ஓடுகளும் முறுக்கிக்கொண்டு கிடக்க, விதை ஒன்று துணி துவைக்கும் கல்லின்மேல் இருந்தது. சிதறியவற்றில் பதினொன்றைப் பொறுக்கினேன். எப்படி விதைக்க வேண்டும்?

குப்பம் நிலக்கடலை

இனி காய் பழுப்பானதும், வெடிப்பதற்கு முன், கொத்தின்மேல் பழைய கொசுவலைத் துணியைக் கட்டிவிடுங்கள்.

விதைத்தோல் கெட்டியானது. கொதிக்க வைத்து இறக்கிச் சற்று ஆறிய நீரை விதைமேல் ஊற்றி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் உப்பியவற்றை விதைக்கலாம். உப்பாதவற்றின் ஓரத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். செம்மண், மணல், மக்கிய உரம் சமமாகக் கலந்த பையில், விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழத்தில் போதும். எனக்குப் பத்து நாளில் முளைத்தது. ஆணிவேர் வேகமாக இறங்கும் என்பதால் ஆழமான பையாக எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்குச்சி எனக்கு ஒருபோதும் வேர் பிடித்ததில்லை. தாழ்ந்த கிளையை மண்ணில் புதைத்துக் கல் வைத்த பதியம் இருமுறை பிடித்தது.

நகரி மேட்டுத்தெரு

பதினொன்றில் எட்டு உப்பின. எட்டும் விதைத்தாயிற்று, ஆறு முளைத்திருக்கின்றன. முதல் ஈரிலை தவிர்த்து அடுத்து வந்த இலையிலேயே குளம்புப் பிளவு தெரிகிறது. இரண்டு எனக்கு, ஒன்று பெரியம்மாவுக்கு. மாடித்தோட்டம் நண்பருக்கு வேண்டுமானால் ஒன்று தருகிறேன், தொட்டியில் வருமா?

மாடித்தோட்டம்

கட்டாயம் வேண்டும், ஐயா. பெரிய டிரம்மாகவே வாங்கி வைக்கிறேன். இம்முறை சீட்டில் பெயரையும், பூத்த பிறகு தாள் எண்ணிக்கையையும் எழுதிவிடுவேன்.

குப்பம் நிலக்கடலை

டிரம்மில் வரும், ஆண்டுதோறும் கவாத்து தவறக் கூடாது, அடியில் துளைகள் வேண்டும். நிலத்தில் நடுகிறவர்கள் ஆடி மழைவரை பையிலேயே வைத்திருந்து, சுவரிலிருந்து பத்தடி தள்ளிக் குழி எடுங்கள். கன்றைச் சுற்றி முள் கட்ட மறக்க வேண்டாம். எங்கள் வரப்பில் முதலில் வைத்த மூன்றையும் வெள்ளாடு ஒரே மாலையில் முடித்துவிட்டது.